தோழனாக நின்ற சனிக்கிழமை

சேயோனுக்குத் தாரகன் மேலிருந்த பொறாமைக்கு வயது இருபத்தொன்று. தாரகனுக்கும் அதே வயதுதான். அவன் பிறந்த அன்று, பீலெஃபெல்ட் ஆஸ்பத்திரியில் ரஞ்சினிச் சின்னம்மாவின் பக்கத்தில் கிடந்த நாலு கிலோக் குழந்தையைப் பார்ப்பதற்கு இரண்டு வயதுச் சேயோனையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதுவரை அவனைக் கொஞ்சிக்கொண்டிருந்த சனமெல்லாம் இப்போது அந்தத் தொட்டிலைச் சுற்றிக் குனிந்து நின்றது. சேயோன் தன் சப்பாத்தைக் கழற்றித் தொட்டிலைப் பார்த்து எறிந்தான். அது சுவரில் பட்டு விழுந்தது. குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். சேயோனும் சேர்ந்து சிரிப்பான். குறி தப்பியது பற்றி அவனுக்கு உள்ளுக்குள் இன்னும் கவலைதான்.

இருவரும் அக்கா தங்கை பிள்ளைகள். சேயோனின் தாய் சந்திரகாந்தி மூத்தவர், ரஞ்சினி இளையவர். ஒரே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்ததால் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தூரம் போகத் தேவையிருக்கவில்லை. கார் ஓட்டும் சோதனையில் சேயோன் மூன்றாம் தரம் பாஸானான், தாரகன் முதல் தரமே. சேயோனின் கணினிப் படிப்பு முடியாமல் இழுபட்டுக்கொண்டு கிடந்தது, தாரகன் அதே பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் படிக்க வந்த முதல் வருடத்திலேயே பேராசிரியரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இவ்வளவுக்கும் அவனிடம் கர்வம் இல்லை. அதுதான் பெரிய தொந்தரவு. கர்வம் பிடித்தவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அவனோ "அண்ணா, அண்ணா" என்று பின்னால் திரிந்தான். அதைவிடக் கேவலம், சேயோனுக்கு ஏதாவது நல்லது நடந்தால் முதலில் ஓடிப்போய்ச் சொல்வதும் தாரகனிடம்தான். வேறு யாரிடம் சொன்னாலும் அவனுக்குச் சொன்னது போலிருக்காது.

அமெரிக்கன் ஃபுட்போல் ஒன்றுதான் சேயோன் தானாகக் கண்டுபிடித்தது. பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் கிழமை, சாப்பாட்டு மண்டபத்து வாசலில் ஒரு மேசையில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு ஆள் சேர்த்தார்கள். மற்றப் பல்கலைக்கழக அணிகளெல்லாம் சிறுத்தை, கழுகு, ஓநாய் என்று பெயர் வைத்துக்கொண்டு திரிய, பீலெஃபெல்ட் மாணவர்கள் ஊரின் பழைய லினன் தொழிலை நினைத்துத் தங்கள் அணிக்கு நெசவாளர் என்று பெயர் வைத்திருந்தார்கள். எதிரணிகள் அதற்குச் சிரிக்காத நாளில்லை. வீட்டில், அதென்ன விளையாட்டு என்று கேட்டார்கள். பெயர் கால்பந்து, எறிவது கையால், பந்து முட்டை மாதிரி, ஆளை ஆள் இடித்து விழுத்தலாம் என்று சேயோன் விளக்கினான். தாய் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பல் வைத்தியரிடம் இப்போதே நாள் கேட்டு ஒரு டெர்மின் எடுத்து வைக்கட்டுமா என்றார்.

அவன் ஆசைப்பட்டது குவாட்டர்பேக்கின் இடத்துக்கு. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, எப்போது தானே ஓடுவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் தீர்மானிப்பவன் அவன். அந்த இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவன்தான் களத்தில் நிற்கலாம். அவனுக்கு மாற்று ஆள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கோட்டுக்கு வெளியே நிற்பான். சேயோன் மூன்று சீசன் அப்படி நின்றான். நின்றவனைச் சும்மா விடவும் இல்லை. பத்து வயதிலிருந்து தாய் தகப்பனுக்கு வந்த அரச கந்தோர்க் கடிதங்களை வாசித்து, அன்ராக் என்கிற விண்ணப்பங்களை நிரப்பி வளர்ந்த பிள்ளை என்பதால், அணியின் கடிதங்கள், ஆட்டக்காரர் பதிவு, பஸ் ஒழுங்கு எல்லாம் அவன் தலையில் வந்து விழுந்தன. பயிற்சியாளர் ஹோல்கர் பகலில் நகரப் பஸ் ஓட்டுகிறவர். நீ இல்லாவிட்டால் இந்த அணியே இல்லை என்று முதுகில் தட்டுவார். தட்டிவிட்டு மற்றவனை விளையாட அனுப்புவார்.

நாலாவது வருடம் அந்த மற்றவன் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டான். இனிச் சேயோன்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து, ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, சேயோன் பயிற்சி முடிந்ததும் தன்னைக் காரில் ஏற்றிப் போகச் சொல்லித் தாரகனைக் கூப்பிட்டான். உண்மையில் காருக்காகக் கூப்பிடவில்லை. தான் முதல் ஆளாக நின்று எறிவதை அவன் பார்க்கவேண்டும், அதற்காகத்தான். கோட்டுக்கு வெளியே உருண்டு வந்த ஒரு பந்தைத் தாரகன் குனிந்து எடுத்து, சின்ன வயதிலிருந்து ஹேண்ட்போல் விளையாடிய கையால், யோசிக்காமல் திருப்பி எறிந்தான். அது மைதானத்தின் பாதியைத் தாண்டிப் போய் ஒருவனின் நெஞ்சில் சேர்ந்தது. ஹோல்கர் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு, யார் இது என்று கேட்டார். என் தம்பி என்று சேயோனே சொன்னான். பெருமையாகச் சொன்னான். அந்தப் பெருமையைத்தான் பிறகு அவனால் மன்னிக்க முடியவில்லை.

ஜனவரியில் ஹோல்கர் பட்டியலை வாசித்தார். குவாட்டர்பேக் தாரகன், மாற்று சேயோன். தாரகன் தனியாக வந்து, எனக்கு இது வேண்டாம், ஹோல்கரிடம் சொல்லட்டுமா என்று கேட்டான். விசரா, போய் விளையாடு என்று சேயோன் சிரித்தான். வீட்டுக்குப் போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி அழுதான். இடம் போனதைவிட, அந்த இடத்தைப் பிச்சை போடுவது மாதிரித் திருப்பித் தர வந்தானே என்பதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

பெப்ரவரியில் கஜந்தி தொலைபேசி எடுத்தாள். தாரகனின் அக்கா. டுசல்டோர்ஃபில் இருக்கிற சுகிர்தனுக்கும் அவளுக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. ஐயர் ஆனி மாதத்தில் இரண்டு நாள் எடுத்துக் கொடுத்திருக்கிறார், ஜூன் கடைசிச் சனி அல்லது ஜூலை முதல் சனி. அதை விட்டால் ஆடி வந்துவிடும், ஆவணிவரைக்கும் காத்திருக்கவேண்டும். பீலெஃபெல்டில் பிடிக்கப்போகிற மண்டபம் புதிதாகத் திறந்தது என்பதால் இரண்டு நாளும் காலியாக இருக்கிறது. அணியின் அட்டவணை உன்னிடம்தானே இருக்கும், எந்தச் சனியில் தம்பிக்கு ஆட்டம் இல்லை என்று கேட்டாள்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இவர்களின் கலியாணத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்து வருபவன் அவன். அதற்கு மாப்பிள்ளை அவனுடைய விரலில் மோதிரம் போடுவார். பிறகு தாலி கட்டி முடியும்வரை தலைப்பாகையோடு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். தோழன் இல்லாமல் மாப்பிள்ளைக்கு வாசலைத் தாண்ட வழியில்லை.

சேயோனுக்கு முன்னால் கணினி திறந்திருந்தது. முந்தாநாள் லீக்கிலிருந்து வந்த கடிதத்தில், இறுதியாட்டம் ஜூலை முதல் சனி, டுசல்டோர்ஃப், பகல் பன்னிரண்டு மணி என்று தெளிவாகக் கிடந்தது. ஜூன் கடைசிச் சனியில் ஒன்றும் இல்லை. யோசிக்க அவனுக்கு இரண்டு விநாடி கிடைத்தது. குவாட்டர்பேக்குக்கு அது போதும்.

"ஜூலை முதல் சனியை வையுங்கோ அக்கா. அண்டைக்கு ஒண்டுமில்லை," என்றான்.

போனை வைத்தபிறகு தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். நெசவாளர் எந்தக் காலத்தில் இறுதியாட்டத்துக்குப் போனார்கள்? போன வருடம் ஆறு ஆட்டத்தில் நாலு தோல்வி. இது சும்மா ஒரு சேட்டை, யாருக்கும் நட்டமில்லை. இவ்வளவு நியாயம் தேவைப்படுகிற சேட்டை சேட்டையில்லை என்று சொல்ல அந்த அறையில் வேறு யாரும் இருக்கவில்லை.

சீசன் ஏப்ரல் நடுவில் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் தாரகன் மூன்று தரம் பந்தை எதிரணிக்காரனின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தான். நெசவாளர் தோற்றார்கள். வெளியில் நின்ற சேயோனுக்கு உள்ளே இனித்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் விஷயம் உறைத்தது. இவன் இப்படித் தோற்றுக்கொண்டே போனால் இறுதியாட்டம் கிடையாது. இறுதியாட்டம் கிடையாவிட்டால் கலியாணத்தன்று எதுவும் இடிக்காது. தாரகன் ஆறுதலாகத் தோழனாக நின்றுவிட்டு, அடுத்த சீசனும் வந்து விளையாடுவான்.

அதன்பிறகு நடந்தது ஒரு கூத்து. எரிச்சல் பிடித்தவனே தன் எரிச்சலுக்குக் காரணமானவன் வெல்லவேண்டும் என்று நேர்த்தி வைத்தான். ஒவ்வொரு ஞாயிறும் தாரகனை வீட்டுக்குக் கூப்பிட்டான். தாய் பொரித்துக் கொடுத்த றோல்ஸை நடுவில் வைத்துக்கொண்டு ஆட்டத்தின் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். எதிரணியில் கடைசியில் நிற்கிற இரண்டு பேரின் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார். ஒருவன் முன்னுக்கு ஒரு அடி வைத்தால் அவனுக்குப் பின்னால் இடம் திறக்கும். அங்கே எறி. மூன்று வருடம் வெளியில் நின்று பார்த்துப் பார்த்துச் சேர்த்ததையெல்லாம் அந்த ஞாயிறுகளில் கொட்டிக் கொடுத்தான். கொடுக்கும்போது வயிறு எரிந்தது. ஒருமுறை சொன்னதையே தாரகன் பிடித்துக்கொண்டபோது இன்னும் எரிந்தது.

தாரகனிடம் வேறொரு குறையும் இருந்தது. பந்தோடு ஓடத் தொடங்கினால் அவனுக்கு நிறுத்தத் தெரியாது. ஓடுகிற குவாட்டர்பேக், ஆட்கள் வந்து மோதுவதற்கு முன் தானாகவே சறுக்கி விழுந்துவிடவேண்டும். அப்படி விழுந்தவனை இடிக்கக்கூடாது என்பது சட்டம். தாரகன் விழமாட்டான். ஆகவே சேயோன் கோட்டுக்கு வெளியே அவனோடு கூடவே ஓடி, சரியான நேரம் பார்த்து "விழு" என்று கத்துவான். ஜெர்மன் கூச்சலுக்கு நடுவில் அந்த ஒரு தமிழ்ச்சொல் தனியாகக் கேட்கும். தாரகன் உடனே சறுக்கிவிடுவான். ஹோல்கரும் அந்தச் சொல்லைப் பாடமாக்கிக்கொண்டு ஒரு நாள் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். தாரகன் நிற்காமல் ஓடி, இரண்டு பேருக்கு நடுவில் அகப்பட்டான்.

இரண்டாவது ஆட்டத்தில் வென்றார்கள். மூன்றாவதிலும் வென்றார்கள். அதன்பிறகு நெசவாளர் என்ற பெயருக்கு யாரும் சிரிக்கவில்லை. மே மாதம் பல்கலைக்கழகப் பத்திரிகை தாரகனின் படத்தைப் பெரிதாகப் போட்டது. படத்தின் ஓரத்தில் சேயோனின் முழங்கை தெரிந்தது. சின்னம்மா படத்தை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். வெட்டும்போது முழங்கையும் போய்விட்டது.

ஜூன் நடுவில் அரையிறுதி. நாற்பது விநாடி இருக்கையில் நெசவாளர் நாலு புள்ளி பின்னுக்கு நின்றார்கள். கடைசியில் நின்ற எதிரணிக்காரன் ஒரு அடி முன்னுக்கு வைப்பதைச் சேயோன் வெளியிலிருந்து கண்டான். அதே கணத்தில் தாரகனும் கண்டான். பந்து அந்த ஆளின் தலைக்கு மேலால் போய் முதல் வருட மாணவன் நிக்லாஸின் கையில் விழ, நிக்லாஸ் எல்லைக்கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி எடுத்தான். அணி தாரகனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அவன் மேலே இருந்தபடியே சேயோனைக் கைகாட்டி, அது அண்ணா காட்டித் தந்தது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். ஹோல்கர் ஓடிவந்து சேயோனைக் கட்டிப்பிடித்தார். அந்தக் கிழமை முழுக்கச் சந்திரகாந்தி, தன் மகனின் பெரிய மனதைப் பற்றிக் கோவிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார். களவெடுக்கப் போனவனைப் பிடித்து மாலை போட்டது மாதிரி இருந்தது சேயோனுக்கு. ஆனாலும் மாலையைக் கழற்றவில்லை. இன்னும் மூன்றே கிழமை.

அதுவரை சேயோன் வெளியில் விடாமல் வைத்திருந்த இறுதியாட்டத் திகதியை, அரையிறுதி முடிந்து திரும்பும்போதே ஹோல்கர் பஸ்ஸில் அறிவித்தபோது தாரகனின் முகம் வெளுத்தது. அது அக்காவின் கலியாணம் அல்லவா என்று சேயோனைத் திரும்பிப் பார்த்தான். சேயோன் நாலு மாதமாகப் பழகி வைத்திருந்த ஆச்சரியத்தை முகத்தில் காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா வீட்டு வரவேற்பறையில் இரண்டு குடும்பமும் கூடியது. அட்டை அடித்துக் கொடுத்தாயிற்று, முந்நூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாயிற்று, நாளை மாற்ற ஏலாது. பன்னிரண்டு மணிக்கு அங்கே ஆட்டம் தொடங்க, பதினொன்றரைக்கு இங்கே தாலி. நடுவில் இரண்டு மணி நேர ஓட்டம். சிற்றம்பலம் சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் போடுவதுமாக இருந்தார். கஜந்தி மட்டும் சேயோனைப் பார்த்து, இந்த நாளை உன்னைக் கேட்டுத்தானே வைத்தோம் என்றாள். அப்போது திகதி வரவில்லை என்று அவன் சொன்னான். அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். கலியாணப் பெண்ணுக்கு ஆயிரம் வேலை, அதற்குமேல் கேட்கவில்லை.

அப்போது தாரகன் சொன்னான்: "பரவாயில்லை. நான் தோழனாய் நிக்கிறன். அண்ணா போய் விளையாடட்டும். ஹோல்கரோட நான் கதைக்கிறன்."

சேயோன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்குத்தானே பெப்ரவரியிலிருந்து காத்திருந்தான். இறுதியாட்டம், முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை அவன் கையில். வேண்டாம் என்று ஒருமுறை மறுத்துவிட்டு, இரண்டாம் முறை சொல்லும்போது ஒப்புக்கொள்வது என்று தீர்மானித்தான்.

அவனுக்கு மறுக்க அவகாசம் கிடைக்கவில்லை. சந்திரகாந்தி கதிரையிலிருந்து எழும்பினார். எத்தனையோ வருடமாகத் தங்கையின் மகனைப் பற்றிய நல்ல செய்திகளைக் கேட்டுக்கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவர் அவர். ஒருமுறையாவது தங்கைக்கு முன்னால் கொடுக்கிறவளாக நிற்கவேண்டும் என்று அவருக்கும் இருந்தது.

"ஏன், சேயோனும் அவளுக்குத் தம்பிதானே? தாரகன் போய் விளையாடட்டும். இவன் தோழனாய் நிக்கட்டும்," என்றார்.

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அக்கா தங்கை பிள்ளைகள் முறைக்குக் கூடப்பிறந்தவர்கள்தான். பெரியம்மாவின் மகன் தோழனாக நின்றால் ஐயரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஊரறிந்த இந்த முறையைச் சேயோன் ஒருவன்தான் நாள் குறித்துக் கொடுக்கும்போது மறந்துபோனான். தாரகனைத் தம்பி என்று நினைக்காமல் இருக்கப் பழகிப் பழகி, கஜந்திக்குத் தானும் தம்பி என்பது நினைவிலேயே வரவில்லை.

தானும் அந்த அணியில்தான் இருக்கிறேன் என்று அவன் மெல்ல நினைவூட்டினான். தாய் அவன் தோளில் கை வைத்தார். அன்பாகத்தான் சொன்னார்.

"நீ அங்க போயும் வெளியில நிக்கத்தானே போறாய். அதை இஞ்ச வந்து நில்லன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டு எழும்பிப் போயிருக்கலாம். சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவனுடைய தலையைத் தடவினார். கஜந்தி அவன் கையைப் பிடித்தாள். தாரகன், உனக்கு இது சரியா என்று இரண்டு தரம் கேட்டான். முந்நூறு பேர் வரும் கலியாணத்தில் முதல் மரியாதை சேயோனுக்குக் கிடைக்கப்போகிறது, அவனுக்கோ அந்த வரவேற்பறைத் தரைவிரிப்புக்குள் போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது. சரி என்றான்.

ஜூலை முதல் சனி, தாரகன் விடிய ஏழு மணிக்கே அணியின் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். சேயோன் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மண்டப வாசலில் செம்போடு நின்றான். மாப்பிள்ளை சுகிர்தனின் காலைக் கழுவித் துடைத்தான். சுகிர்தன் மோதிரத்தை எடுத்து அவன் விரலில் போட்டபோது அது கழன்று சுற்றியது. தாரகனின் விரலுக்கு அளவெடுத்துச் செய்த மோதிரம். பெரிய கை, நல்ல நீள விரல், பந்தைப் பிடிக்கவென்றே பிறந்த கை என்று ஹோல்கர் சொல்வார். மோதிரம் விழுந்துவிடாமல் இருக்க அன்று முழுவதும் சேயோன் கையைப் பொத்தியே வைத்திருக்கவேண்டியதாயிற்று. மணவறையில் இருந்த நேரம் முழுக்க அவனுக்குத் தாலியும் தெரியவில்லை, தீயும் தெரியவில்லை. முன்சுவரில் மாட்டியிருந்த மணிக்கூடு ஒன்றுதான் தெரிந்தது. மேளம் கொட்டித் தாலி கட்டி முடிந்து, அட்சதையும் போட்டு முடிய, முள் பன்னிரண்டைத் தொட்டது. இப்போது தாரகனின் கைக்குப் பந்து வந்திருக்கும் என்று நினைத்தான். தோற்றுப்போ என்று மனம் விட்டு நினைத்தான். இப்போது தோற்பதால் தனக்கு ஒன்றும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் நினைத்தான்.

வேட்டியில் பை இல்லாததால் அவனுடைய போன் தாயின் கைப்பையில் இருந்தது. தாயோ வந்தவர்களைச் சாப்பிட வைக்கும் அலுவலில் மண்டபம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குப் பிறகுதான் போன் கைக்கு வந்தது. அணியின் குழுவில் அறுபதுக்கு மேல் செய்தி. நெசவாளர் பதினேழுக்கு ஆறு என்று முன்னுக்கு நின்றிருக்கிறார்கள். மூன்றாவது கால்பகுதி முடியும் நேரம் தாரகன் பந்தோடு ஓடி இடிபட்டு, காலை ஊன்றமுடியாமல் விழுந்திருக்கிறான். அதன்பிறகு குவாட்டர்பேக்காக யாரை விடுவது என்று தெரியாமல் நிக்லாஸை விட்டிருக்கிறார்கள். பாவம், அவன் பந்தைப் பிடிக்கிறவன், எறியப் பழகாதவன். டிரெஸ்டனிலிருந்து வந்த அணி பின்னுக்கு நின்று எட்டிப் பிடித்து, இருபதுக்குப் பதினேழு என்று வென்றுவிட்டது.

முழுதாக ஒரு கால்பகுதி. பதினொரு புள்ளி முன்னுக்கு நிற்கும் ஆட்டம். அதைப் பத்திரமாக முடித்து வைப்பதற்கென்றே மூன்று வருடம் வெளியில் நின்றவன், மாற்று ஆள் தேவைப்பட்ட அந்த ஒரே நாளில் தலைப்பாகையோடு இங்கே இருந்தான். இருக்கவைத்ததும் அவனேதான். சேயோன் போனைத் திருப்பித் தாயிடம் கொடுக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய், கார்கள் நிற்கும் இடத்தில் நின்றான்.

மாலை ஆறரைக்கு நிக்லாஸின் கார் வந்தது. நல்ல வெயில். தாரகன் நெசவாளர் சட்டையோடு, வலது கால் முழங்கால்வரை கட்டுப்போட்டபடி, இரண்டு ஊன்றுகோலில் இறங்கினான். நிக்லாஸ் போனதும் இருவரும் வாசலோரமாகக் கிடந்த மர வாங்கில் இருந்தார்கள். தசைநார் அறுந்துவிட்டது, குறைந்தது எட்டு மாதம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது தாரகன் அழவில்லை. அடுத்ததைச் சொல்லும்போதுதான் அழுதான்.

"ஓடேக்க உன்ர சத்தம் வரும் எண்டு பாத்துக்கொண்டே ஓடினனான். வரேல்லை. என்னைத் தூக்கிக்கொண்டு வெளியில வரேக்க, ஹோல்கர் திரும்பியும் பாக்காமல், சேயோன் ஹெல்மெட்டைப் போடு எண்டு கத்தினவர். பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. நீ இருந்திருந்தா வெண்டிருப்பம் அண்ணா."

அந்தக் கூப்பாட்டுக்காகச் சேயோன் எத்தனை சனிக்கிழமை காது கொடுத்து நின்றிருக்கிறான். கடைசியில் அது வந்தபோது கேட்க அங்கே ஆளில்லை. பக்கத்தில் இருந்தவனோ, தன் கால் போனதை விட்டுவிட்டு, அண்ணனுக்கு ஆட்டம் கிடைக்காமல் போனதற்கு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். இதிலும் அவன்தான் முந்திக்கொண்டான் என்று சேயோனுக்குத் தோன்றியது. அது தோன்றிய வெட்கத்தில்தான் வாய் திறந்தது.

"திகதி எனக்குத் தெரியும். அக்கா கேக்கேக்க கடிதம் முன்னால கிடந்தது. நீ வராமல் நான் விளையாடவேணும் எண்டுதான் அந்த நாளைச் சொன்னனான்."

மண்டபத்துக்குள் பாட்டுப் போட்டிருந்தார்கள். தாரகன் திகதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப ஞாயிற்றுக்கிழமையள் என்னைக் கூப்பிட்டது?" என்றான்.

சேயோன் விரலில் கழன்று கிடந்த மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தாரகன் தலையை ஆட்டினான். நிதானமாக, யாரோ மூன்றாம் ஆளிடம் சொல்வது போலச் சொன்னான்: "கூடப்பிறந்த அண்ணன் இருந்திருந்தாலும் இப்பிடிச் சொல்லித் தந்திருக்கமாட்டான் எண்டு அம்மாட்டைச் சொன்னனான்."

வாசலில் படக்காரர் தலையை நீட்டி, பெண்ணின் சகோதரத்தைக் கூப்பிடுகிறார்கள், தோழன் எங்கே என்று கேட்டார். சேயோன் எழும்பினான். தாரகன் இருந்தபடியே கையை நீட்டினான்.

"மோதிரத்தைத் தா."

கழற்றுவதற்குச் சிரமமே இல்லை. விரலைத் தாழ்த்தியதும் அது தானாக விழுந்தது. தாரகன் அதைப் போட்டுக்கொண்டான். அளவு சரியாக இருந்தது. ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு அவன் எழும்ப, சேயோன் தாங்கப் போனான். தாரகன் ஊன்றுகோலை அவனுக்கும் தனக்கும் நடுவில் வைத்தான்.

"வேண்டாம். எனக்கு ஏலும்."

அவன் படியேறி உள்ளே போய்ச் சேர நெடுநேரம் எடுத்தது. சேயோன் தலைப்பாகையைக் கழற்றி வாங்கில் வைத்தான். அப்போது இடுப்பில் போன் அதிர்ந்தது. ஹோல்கர் எழுதியிருந்தார். தாரகன் அடுத்த சீசன் விளையாடமாட்டான். குவாட்டர்பேக் நீதான், மாற்று ஆளாக இல்லை, முதல் ஆளாக. ஒக்டோபரில் தொடங்குவோம்.

மூன்று தரம் வாசித்தான். ஒரு எழுத்தும் மாறவில்லை. மனதுக்குள் எத்தனை தரம் பழகி வைத்திருந்த செய்தி. கால்கள் பழக்கத்தில் வாசலை நோக்கி நாலு அடி வைத்தன. அங்கே நின்றுவிட்டான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கஜந்தியும் சுகிர்தனும் நிற்க, பக்கத்தில் ஊன்றுகோல் தெரியாதபடி தாரகனை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இந்தச் செய்தியை முதலில் சொல்லவேண்டிய ஆள் உள்ளே படத்துக்கு நின்றுகொண்டிருந்தான்.